உள்பாகம் விழுந்தவள்

என் மனைவி செல்வகுமாரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவள் பொறாமையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. தவிர்க்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் நன்றாகச் சமைப்பாள், கல்லூரியில் நன்றாகப் பாடம் எடுப்பாள், சேலை தேர்ந்தெடுப்பதில் கெட்டிக்காரி என்று எழுதினால் எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்தில் அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். "அதெல்லாம் சரி தமிழு, மத்தத எப்ப எழுதப் போற?" என்று கேட்பார்கள். இதை அவளும் படிப்பாள். படிக்கட்டும்.

நான் தமிழ்க்குமரன். மெயின் ரோட்டில் உரக்கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பொருளாதாரம் தெரியாது. ஆனால் கல்யாணமான நாள் முதல் எங்கள் வீட்டில் சாம்பாரைவிட அதிகமாகக் கொதித்தது ஒரு பொருளாதார ஆராய்ச்சிதான். அதுவும் அவள் செய்த ஆராய்ச்சி இல்லை, இன்னொருத்தி செய்தது. அந்த இன்னொருத்தியின் பெயர் உஷாராணி. என் மனைவி என்னைப் பற்றி ஒரு மாதத்தில் நினைப்பதைவிட உஷாராணியைப் பற்றி ஒரு காலைப்பொழுதில் அதிகம் நினைப்பாள். எனக்கே சில சமயம் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பொறாமையாக இருக்கும்.

ஆனால் உஷாராணிக்கு முன்னால் பிரியதர்ஷினி இருக்கிறாள். வரிசைப்படி சொல்கிறேன்.

என் மாமனார் ராமுவும் அவர் தம்பி புகழ்வேந்தனும் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது செல்வி சின்னக் குழந்தை. எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் நிலத்தைச் சமமாக அளந்து, இரண்டு சீட்டில் எழுதிச் சுருட்டி, சாமி முன்னால் சொம்பில் போட்டுக் குலுக்குவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பின்னால் யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அன்றைக்குச் சீட்டு எடுத்த குழந்தை செல்விதான். அவள் அப்பா பெயரைச் சொல்லி எடுக்கச் சொன்னார்கள். கையில் வந்த சீட்டில் 'உள்பாகம்' என்று இருந்தது. ரோட்டோரப் பாகம் சித்தப்பாவுக்குப் போனது.

அப்போது அதை யாரும் நஷ்டம் என்று நினைக்கவில்லை. கிணறு உள்பாகத்தில் இருந்தது. ரோட்டோரத்தில் ஆடு மாடு இறங்கி மேய்ந்துவிடும் என்று சித்தப்பாதான் முகம் சுளித்தாராம். பிறகு பிளாட் போடுகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வர ஆரம்பித்தார்கள். செல்வி பன்னிரண்டாவது படித்த வருடம் சித்தப்பா தன் பாகத்தை விற்றார். அந்த இடத்தில் கல்யாண மண்டபம் எழும்பியது. சித்தப்பா மகள் பிரியதர்ஷினி தனியார் கல்லூரியில் மருத்துவம் படித்து இன்று சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். செல்வி டவுன் பஸ் பிடித்துப் போய் பி.ஏ. பொருளாதாரம் படித்தாள். அவள் அப்பா மண்டபத்துக்குப் பின்னால், சமையல்கட்டுப் புகையை முகர்ந்துகொண்டு, இன்றும் நெல் பயிரிடுகிறார்.

"அன்னிக்கு நான் பக்கத்துல கெடந்த சீட்ட எடுத்திருந்தா?" கல்யாணமான புதிதில் இதைச் சொல்லி அழுதாள். நான் புது மாப்பிள்ளை, கண்ணைத் துடைத்துவிட்டேன். துடைத்தது தப்பு. அன்றிலிருந்து யாராவது பிரியதர்ஷினியைப் பற்றிப் பேசினால் சீட்டுக் கதை வரும், கூடவே கண்ணீரும் வரும், நான் துண்டை எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த மண்டபத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ரசம் அவளுக்குப் பிடிக்காது. ஊரே இரண்டாம் தடவை வாங்கிக் குடிக்கிற ரசத்தை முகர்ந்து பார்த்துவிட்டு இலையை மூடுவாள்.

இனி உஷாராணி. எம்.ஏ. படித்தபோது செல்விக்குக் கிடைத்த சிநேகிதி. சோரியாங்குப்பத்துப் பெண். அப்பா சிறுவயதிலேயே இறந்துவிட்டார். அம்மா அமிர்தம் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போய் வளர்த்தவர். பாகூரிலிருந்து வருகிற பஸ்ஸில் உஷாராணி முதலிலேயே உட்கார்ந்திருப்பாள். கரிக்கலாம்பாக்கத்தில் செல்வி ஏறும்வரை பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்து வைத்திருப்பாள். அந்த சீட்டில் உட்கார்ந்துதான் செல்வி தன் பாகப்பிரிவினைச் சோகத்தை அவளிடம் கொட்டியிருக்கிறாள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. என் மனைவியை எனக்குத் தெரியாதா?

இரண்டு பேரும் ராஜ்மோகன் என்ற பேராசிரியரிடம் பி.எச்டி.க்குப் பதிந்தார்கள். உஷாராணிக்கு உதவித்தொகை கிடைத்தது, முழுநேரம் சேர்ந்தாள். செல்வி பகுதி நேரம். நடுவில் எங்கள் கல்யாணம், குழந்தை, வில்லியனூரில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை. பதிவு காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி நான் இரண்டு மூன்று தடவை சொன்னேன். "உங்களுக்கின்னா, சொல்லிட்டுப் போயிடுவீங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்தவள் கைப்பையை நாற்காலியில் வீசினாள். "என் சீட்ட எடுத்துக்கினு போயிட்டாங்க" என்றாள். பஸ்ஸில் இடம் போனதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் விளங்கியது. உஷாராணி ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது பாகம் பிரிக்கிற சீட்டை.

விஷயம் இதுதான். நிலத்தை விற்ற குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கிறார்கள். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் விற்றதால் படித்தார்களா, இல்லை பிள்ளையைப் படிக்கவைக்கத் துடித்தவன்தான் முதலில் விற்றானா? இரண்டும் கலந்து கிடக்கிறது. பிரித்துப் பார்க்க வேண்டுமானால், நிலம் விற்பதை மட்டும் தூண்டிவிட்டு, பிள்ளையின் படிப்பில் நேராகக் கை வைக்காத ஒன்று வெளியிலிருந்து வேண்டும். அதற்குப் பெயர் கருவி மாறியாம். உஷாராணி கண்டுபிடித்த கருவி சீட்டு. ரோட்டோரம் யாருக்கு, உள்பாகம் யாருக்கு என்பது குழந்தை கை போன போக்கு. அதற்கும் அப்பனின் புத்திக்கும் சம்பந்தமில்லை. ரோட்டோரம் விழுந்தவன் விற்பான், உள்பாகம் விழுந்தவனை யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே அண்ணன் பிள்ளைகளையும் தம்பி பிள்ளைகளையும் ஒப்பிட்டால் விற்பனையின் பலன் தனியாகத் தெரிந்துவிடும்.

"நல்லாத்தான யோசிச்சிருக்குது அந்தப் பொண்ணு?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி எனக்கு மோர்சாதம்தான்.

போன வருடம் உஷாராணியின் வாய்மொழித் தேர்வு அறிவிப்பு வந்தது. வைவா என்பார்கள். அது பகிரங்கமாக நடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். அதற்கு முன்னால் ஆய்வேட்டின் பிரதி ஒன்றைத் துறை நூலகத்தில் எல்லோரும் பார்க்க வைப்பார்கள். செல்வி கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் போய்ப் படித்தாள். திரும்பிக் கடைக்கு வந்தபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் குழந்தை பிறந்த அன்றுதான் பார்த்திருக்கிறேன்.

"ஆறு வருஷம்னு எழுதியிருக்கா. நெலத்த வித்தா புள்ள ஆறு வருஷம் கூடப் படிக்குமாம். ஆனா கருவி சொத்தை. கருவிக்கு எவ்ளோ பலம்னு காட்ட எஃப்புன்னு ஒரு எண்ணு இருக்குது, கொறஞ்சது பத்தாவது வேணும். அவளுது மூணு."

எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்கும். கடை வாசலில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றிருந்தது. அதைக் காட்டிச் சொன்னாள்.

"நீங்க ஒரு ஆளு அந்த டிராக்டரத் தள்றீங்க. அது ஒரு விரக்கட நகருது. அந்த நேரம் பாத்துக் காத்தடிக்குது, மேலேருந்து ஒரு கரும்பு விழுது. ஒரு விரக்கடைக்கே ஒரு கரும்பு விழுந்திச்சே, அப்ப மில்லு வரைக்கும் போனா இன்னா ஆவும்னு கணக்கு போடுறீங்க. இன்னா வரும்?"

"வண்டியே காலியாயிடும்."

"அதான் அவ ஆறு வருஷம். தள்ளினது நீங்க, விழ வச்சது காத்து. சீட்டு அங்க யாரையும் நெலம் விக்கப் பெருசா தள்ளல. கொஞ்சூண்டு தள்ளியிருக்குது. அந்தக் கொஞ்சூண்ட வச்சு வகுத்தா எண்ணு பூதமாத்தான் வரும். அதே காத்து வேற பக்கம் அடிச்சிருந்தா ஆறு வருஷம் கம்மின்னு வந்திருக்கும்." பிறகு கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டே, "எல்லார் முன்னாடியும் எழுந்து கேப்பேன்" என்றாள்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவள் கேட்க நினைத்த கேள்வி சரியான கேள்வி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சரியான கேள்வியைக் கேட்க யாரும் கல்யாணப் பட்டுச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட மாட்டார்கள். அவள் போட்டாள்.

வெறும் எண்ணை வைத்துக் கேட்டால் போதாது என்று வேறு தோன்றிவிட்டது. சீட்டு ஏன் தள்ளவில்லை என்று காரணத்தோடு கேட்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பைக்கில் உட்கார்ந்து பாகூர்ப் பக்கமும் மண்ணாடிப்பட்டுப் பக்கமும் பாகம் பிரித்த வீடுகளாகத் தேடிப் போனோம். உரக்கடைக்காரன் என்பதால் எனக்கு எல்லா ஊரிலும் நாலு பேரைத் தெரியும். போன இடமெல்லாம் காபி கொடுத்தார்கள், விஷயத்தையும் கொடுத்தார்கள்.

"ரோட்டோரத்த மட்டும் வாங்கி புரோக்கரு இன்னா பண்ணுவான்?" என்றார் கரும்புக்காரர் ஒருவர். "பிளாட் போட உள்ள தள்ளி ஆழம் வேணுமில்ல? அண்ணன் பாகம் தம்பி பாகம் ரெண்டையும் சேத்துத்தான் கேட்டான். ரெண்டு பேரும் ஒண்ணாதான் கையெழுத்து போட்டோம்."

கஸ்தூரி என்ற அம்மாள் இன்னும் நன்றாகச் சொன்னாள். "சீட்டு போட்டோம், இல்லன்னு சொல்லல. ஆனா எங்க வூட்டுக்காரரு தம்பிக்குக் கெணறு வேணும்னு ஆசை. மறுநாளே மாத்திக்கினாங்க. சீட்டு சாமிக்காகப் போடுறது. வயலு அவங்கவங்க சௌகரியத்துக்குத்தான்."

இதுதான் உஷாராணிக்குத் தெரியாமல் போன விஷயம். காகிதத்தில் சீட்டு எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஊரில் அது அவ்வளவாக எதையும் தீர்மானிக்கவில்லை. புரோக்கர் ரோட்டோரத்தையும் உள்பாகத்தையும் சேர்த்தே கேட்டான், விற்கிற குடும்பத்தில் இருவரும் விற்றார்கள், விற்காத குடும்பத்தில் இருவரும் விற்கவில்லை. வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி செல்வி மூன்று பரோட்டா சாப்பிட்டாள். "நெலம் வச்சிருந்து பாகம் பிரிச்ச வூட்ல பொறந்திருந்தா இது தெரிஞ்சிருக்கும். அவளுக்கு எங்க தெரியும்?" என்றாள். அது எனக்கு நன்றாகப் படவில்லை. சால்னாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அந்தச் சந்தோஷத்தோடு நேராக அவள் அம்மா வீட்டுக்குப் போனோம். என் மாமியார் ஆண்டாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். செல்வி நின்றபடியே தன் கண்டுபிடிப்பை அம்மாவுக்குச் சொன்னாள். எல்லா ஊரிலும் இரண்டு பாகத்தையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார்கள் என்றாள்.

"ஆமா, நம்மளயுந்தான் கேட்டாங்க" என்றார் மாமியார்.

"நம்மளன்னா?"

"உங்க சித்தப்பாவையும் உங்கப்பாவையும்தான். ரெண்டையும் சேத்துக் குடு, பிளாட் போடுறேன்னு அந்தாளு நடையா நடந்தான். உங்கப்பா மாட்டேன்னுட்டாரு. அப்பறம்தான் உங்க சித்தப்பா முன்னால இருக்கிறத மட்டும் மண்டபத்துக்குக் குடுத்தாரு. உனக்குப் பரீட்ச நேரம், உங்கிட்ட யாரு சொன்னாங்க?"

உளுந்து முறத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. செல்வி வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தாள். பரோட்டா சாப்பிட்ட முகம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அவள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். உஷாராணி சொல்வது நிஜம் என்றால், செல்வி இத்தனை வருடம் அழுததற்கு நியாயம் கிடைக்கிறது. ஒரு சீட்டு, ஆறு வருடப் படிப்பு. பிரியதர்ஷினி டாக்டர் ஆனதும் இவள் ஆகாததும் அந்தச் சொம்புக்குள் முடிந்துபோன விஷயம். உஷாராணி சொல்வது பொய் என்று சபையில் நிரூபித்தால், தன் சீட்டும் சொத்தை என்று தானே நிரூபித்ததாகிறது. ஒரு பொறாமையை வைத்துக்கொள்ள இன்னொன்றை விட வேண்டும். நான் இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலைந்து நாள் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. அப்பாவிடம் போய் ஏன் விற்கவில்லை என்று கேட்கச் சொன்னேன். "கேட்டு இன்னா ஆவப்போவுது" என்றாள்.

வைவா அன்று காலையில் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "போலாம்" என்றாள்.

"கேக்கப் போறியா?"

"கேக்கத்தான் போறேன். எனக்கு இல்லாத சீட்டு அவளுக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

வண்டியைக் கிளப்பினேன்.

பல்கலைக்கழக அரங்கில் முதல் வரிசையில் அமிர்தம் புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் பர்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தார். சுவரோரம் மேஜையில் மைசூர்பாகும் மிக்சரும் மூடி வைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் தண்ணீர் பாட்டில். செல்வி நடு வரிசையில் ஓரமாக, எழுந்தால் எல்லோருக்கும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அமிர்தத்தைப் பார்த்தபோது எனக்குப் பாவமாக இருந்தது. என் மனைவி எழுந்து நின்றால் அந்தச் சேலைக்கு என்ன ஆகும் என்று நினைத்தேன்.

உஷாராணி பேச ஆரம்பித்தாள். குட்டையான பெண், தெளிவான குரல். சீட்டைப் பற்றிச் சொன்னாள், ஆறு வருடத்தைச் சொன்னாள். செல்வி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த படம் திரையில் வந்தது.

"தேர்வாளர் தன் அறிக்கையில் கேட்ட கேள்விக்கு இது பதில்" என்றாள் உஷாராணி. "இந்தக் கருவி பலவீனமானது. சீட்டு, நில விற்பனையை மிகக் கொஞ்சம்தான் பாதித்திருக்கிறது. அதனால் ஆறு வருடம் என்ற கணக்கை நம்ப முடியாது. கருவி எவ்வளவு பலவீனமாக இருந்தாலும் நம்மை ஏமாற்றாத சோதனை ஒன்று உண்டு. அதைச் செய்து பார்த்தேன்."

திரையில் ஒரு கோடு இருந்தது. நடுவில் பூஜ்யம். உண்மையான விடை எதுவரை இருக்கலாம் என்று காட்டுகிற கோடாம் அது. ஒரு பக்கம் கீழே போய்க்கொண்டே இருந்தது, மறுபக்கம் மேலே போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் முடிவே இல்லை. எந்தக் கணக்கையும் ஒதுக்கித் தள்ள முடியவில்லை என்று அதற்கு அர்த்தம் என்றாள். "நிலத்தை விற்றதால் படிப்பு கூடியதா, குறைந்ததா, ஒன்றும் ஆகவில்லையா என்று இந்தத் தரவை வைத்து என்னால் சொல்ல முடியாது. அந்த அத்தியாயத்தின் முடிவை அப்படியே மாற்றி எழுதியிருக்கிறேன்."

தேர்வாளர் தலையை ஆட்டினார். மற்ற அத்தியாயங்களைப் பற்றிப் பேச்சு போனது. செல்வி உடைக்க வந்ததை அந்தப் பெண் தானே உடைத்து மேஜையில் வைத்துவிட்டாள். இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா ஆத்திரப்படுவதா என்று தெரியாமல் பட்டுப்புடவை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பார்வையாளர் யாராவது கேள்வி கேட்கலாம்" என்றார் பேராசிரியர் ராஜ்மோகன். இந்த இடத்தில் சிநேகிதிகள் இரண்டு பேர் எழுந்து முன்பே பேசிவைத்த கேள்விகளைக் கேட்பது வழக்கம். அப்படியே கேட்டார்கள். பிறகு செல்வி எழுந்தாள்.

கருவி, எஃப், புரோக்கர், கஸ்தூரி எல்லாம் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரல் உடைந்து வந்தது.

"அப்படியானால் சீட்டு ஒன்றுமே செய்யவில்லை என்கிறீர்களா? யாருக்கு எந்தப் பாகம் விழுந்தது என்பதால் யார் வாழ்க்கையும் மாறவில்லையா?"

அந்த ஆராய்ச்சியைக் கவிழ்க்க வந்தவள் அதற்காக வாதாட நின்றுகொண்டிருந்தாள். அரங்கில் என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது. இல்லை, இன்னொருத்திக்கும் தெரிந்திருந்தது. உஷாராணி அவளைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை மேடம். ஒருவருடைய வாழ்க்கையை மாற்றியும் இருக்கலாம். மாற்றியதா இல்லையா என்று சொல்லும் பலம் என் கருவிக்கு இல்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதியிருந்தேன். அதைத்தான் திருத்தியிருக்கிறேன்."

செல்வி நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பட்டம் அளிக்கப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். கைதட்டினார்கள். அமிர்தம் எல்லோரும் தட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தானும் தட்டினார்.

டீ கொடுக்கிற இடத்தில் நான் செல்வியை இழுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். உஷாராணி மாலையும் பொன்னாடையுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எழுந்ததும் எனக்கு உயிரே போயிடுச்சி, செல்வி. நீ லைப்ரரிக்கு வந்து படிச்சிட்டுப் போனன்னு சொன்னாங்க. நாலு நாளா தூங்கல."

"நீ என் கதைய எடுத்துக்கின" என்றாள் செல்வி. அவ்வளவு வருடம் மனதில் வைத்திருந்ததை டீ கப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும்." உஷாராணி பொன்னாடையைச் சரி செய்துகொண்டாள். "ஆனா இன்னொன்னு சொல்லட்டா? உங்கப்பா பாகம், கெணத்துக்குக் கெழக்க, கடைசி வரப்புல ஒரு புங்க மரம். அதான?"

"உனக்கு எப்டித் தெரியும்?"

"எங்கம்மா நட்ட வயலு அது. வேன்ல ஏத்திக்கினு வருவாங்க. லீவு நாள்ல நானும் வந்து நட்டிருக்கேன். நீ பஸ்ல டெய்லி சொல்லுவ, எங்கப்பாவுக்கு ஒண்ணுத்துக்கும் ஒதவாத உள்பாகம் விழுந்திச்சின்னு. எனக்கு வயிறு எரியும். எங்க வூட்ல சீட்டு போடறதுக்கு ஒரு அடி மண்ணு கெடையாது. இவ ஒண்ணுத்துக்கும் ஒதவாததுன்னு சொல்றதுல நாங்க கால் வலிக்க நின்னுனு இருந்தோம். அந்த ஆத்திரத்துலதான் சீட்டயே எடுத்தேன். பாகம் இருக்கறவங்க இன்னாத்தத்தான் பாகம்னு சொல்லிக்கினு அழுவுறாங்க, பாப்போம்னு."

அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். செல்வி மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சாப்பிடவும் இல்லை, வைக்கவும் இல்லை.

திரும்பும் வழியில் வில்லியனூரைத் தாண்டினோம். பிறகு என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "எத்தினி வருஷம் பஸ்ல எனக்கு சீட்டு புடிச்சி வச்சா. ஒருநாளும் சொல்லல" என்றாள்.

"நீ கேட்டியா, உங்கம்மா எங்க வேலைக்குப் போறாங்கன்னு?"

"கேக்கல."

ஊருக்குள் நுழைந்ததும் அப்பா வயலுக்குப் போகச் சொன்னாள். மண்டபத்தை ஒட்டின வண்டிப்பாதையில் இறங்கினோம். மாமனார் மடை திறந்துவிட்டு வரப்பில் நின்றிருந்தார். பட்டுப்புடவையில் மகள் வரப்பில் வருவதைப் பார்த்து மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"ஏம்பா, அன்னிக்கு இத விக்கல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். இத்தனை வருடமாக யாரும் அவரைக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

"வித்துட்டுக் காலையில எழுந்து நான் எங்க போறது?" என்றார்.

அவள் மேற்கொண்டு ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவருக்கு அவ்வளவுதான் காரணம். பொறாமைப்பட அதில் ஒன்றும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் அவ்வளவாக இல்லை.

"அமிர்தம்னு ஒரு அம்மா இங்க நட வருவாங்களா?"

"சோரியாங்குப்பத்து அமிர்தமா? அவ நட்டா வரிச கோணாது. இப்பல்லாம் வர்றதில்ல. பொண்ணு வேணாம்னு நிறுத்திடுச்சாம்." அவர் மடைப் பக்கம் பார்த்தார். "அதுவும் வரும் லீவு நாள்ல. ஒரு மொற நடவப்ப நீ வந்து மரத்தடியில உக்காந்து படிச்சினு இருந்த. அந்தப் பொண்ணு நாத்த கையில வச்சினு உன் பொஸ்தகத்தையே பாத்துனு நின்னுச்சி. நான் அதட்டினேன்."

செல்வி புங்க மரத்தைப் பார்த்தாள். பிறகு வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு எடுத்த பட்டு. சேறு சேலைக் கரையில் ஏற ஆரம்பித்தது.

"நான் இங்க உக்காந்துனு பிரியதர்ஷினியப் பாத்து அழுதுகினு இருந்தேன்" என்றாள். "அதே நேரம் ஒருத்தி அங்க நின்னு என்னப் பாத்துகினு இருந்துருக்கா."

மண்டபத்தில் ஏதோ கல்யாணம். சமையல்கட்டிலிருந்து ரச வாசனை வந்தது. மாமனார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையை அடைக்கப் போனார்.